ஏவியவர் யார்?

பிற சமயத்தார் நூல்களைக் கற்பது நம் முன்னோர்க்குப் புதிதன்று. நீலகேசியின் ஆசிரியர் பௌத்தம், ஆசீவகம், சாங்கியம், வைசேடிகம், வேதவாதம், பூதவாதம் ஆகியவற்றைத் தெளிவுறக் கற்ற பின்னரே அவற்றோடு வாதிடப் புகுந்தார். அந்நூலைப் பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினார் 1936இல் பதிப்பித்து நமக்குத் தந்தார். எனினும் நீலகேசி வாதிடாத நூல் ஒன்றுண்டு. அஃது எபிரேயர்களின் வேதம். கிறித்தவர் பழைய ஏற்பாடு என வழங்குவது. அதில் ஓரிடத்தைப் பற்றியே ஈண்டு எழுதப் புகுகின்றோம். வாதிட்டு வெல்லும் நோக்கம் நமக்கில்லை. நம் பணிக்காலத்தில் நாமே செய்த ஒரு செயலுக்கு நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக விடை தேடியிருந்தோம். அதன் ஒரு பாதியை அந்நூலிற் கண்டோம் என்பதே காரணம்.

மரக்காணத்து உப்பளங்களை நம் வாசகருட் பலர் அறிவர். தூத்துக்குடி, வேதாரணியம் ஆகியவற்றுக்கு அடுத்துத் தமிழகத்தில் உப்பு மிகுதியாக விளையும் இடம் அது. பத்துப்பாட்டிற் பேசப்படும் எயிற்பட்டினம் இவ்வூரே என்று கருதும் அறிஞரும் உளர். அதனை அடுத்த ஒரு சிற்றூர்த் தொடக்கப் பள்ளியில் நாம் பல்லாண்டு பணியாற்றினோம். உடன் பணியாற்றிய கிறித்தவ ஆசிரியை ஒருவர், நம்மினும் சில ஆண்டு இளையவர், மாலை வேளைகளிற் பேருந்துக்குக் காத்து நிற்கையில் சமயம் பற்றிப் பேசுவார். "உங்களுக்கு என்ன அக்கா, கணக்கு மட்டும்தான் இருக்கிறது, கணக்குப் பார்க்கிறவர் இல்லை. எங்களுக்கு அவரும் இருக்கிறார், தொல்லையே அங்கேதான்" என்பார். அத்தொல்லை இன்னதென்று அவர் காட்டியது தாவீது அரசன் குடிமக்களை எண்ணிய கதை.

அக்கதை எபிரேய வேதத்தில் இரண்டு இடங்களில் வருகின்றது. தாவீது தன் நாட்டில் வாளேந்தக் கூடியவர் எத்துணைப் பேர் என எண்ணிவர ஆணையிடுகின்றான். படைத்தலைவன் யோவாப் வேண்டாமென்று தடுக்கின்றான், அரசன் கேட்கவில்லை. ஒன்பது மாதமும் இருபது நாளும் நாடெங்கும் சுற்றிக் கணக்கெடுத்து முடிக்கின்றனர். முடிந்த பின்னர் அரசனின் நெஞ்சு அவனைச் சுடுகின்றது. தான் செய்தது பெரும்பாவம் என்று அவனே ஒப்புகின்றான். காத் என்னும் தீர்க்கதரிசி வந்து மூன்று தண்டனைகளைக் கூறி ஒன்றைத் தேர்ந்துகொள்ளச் சொல்கின்றார். கொள்ளை நோய் வருகின்றது. எழுபதாயிரம் பேர் மாள்கின்றனர். தவறு செய்தவன் தானே, இந்த ஆடுகள் என்ன செய்தன என்று தாவீது அப்போது கதறுகின்றான்.

இம்மட்டில் இஃது ஓர் அரசனின் செருக்கும் அதன் விளைவும் எனலாம். கதையின் முதல் வரியே நம்மைத் திகைக்க வைப்பது. சாமுவேலின் இரண்டாம் நூலில், இஸ்ரவேலர் மீது சினங்கொண்ட இறைவனே தாவீதை அவர்களுக்கு எதிராக ஏவினார் என்றுள்ளது. அதே கதையைப் பல தலைமுறைகளுக்குப் பின்னர், பாபிலோன் சிறைவாழ்வுக்கும் பிற்பட்டு, நாளாகமம் எழுதியவர் மீண்டும் எழுதுகின்றார். அங்கே ஏவியது சாத்தான். எபிரேய மொழியில் அச்சொல்லுக்கு எதிர்நிற்பவன் என்பதே பொருள். முன்னவர் எழுதியதைப் படித்தபோது பின்னவர்க்கு நெஞ்சு கூசியிருக்க வேண்டும். தாமே தூண்டிவிட்டுத் தாமே தண்டிக்கும் இறைவனை எவ்வாறு வணங்குவது?

தமிழில் மொழிபெயர்த்தவர்க்கும் அந்தக் கூச்சம் இருந்தது போலும். பரவலாகப் படிக்கப்படும் பழைய தமிழ் மொழிபெயர்ப்பில், சாமுவேல் நூலின் அவ்விடத்தில் தாவீது ஏவப்பட்டான் என்றே உள்ளது. செயப்பாட்டு வினை! எழுவாயை மறைப்பதற்கு இதனினும் நல்ல கருவி இலக்கணத்தில் இல்லை. 'கண்ணாடி உடைந்துவிட்டது, டீச்சர்' என்று சொல்லும் பிள்ளைகளை முப்பத்தைந்து ஆண்டு பார்த்தவர்க்கு இது நன்கு விளங்கும்.

ஆயினும் அம்மக்களின் நேர்மையை ஒரு வகையிற் போற்றவே வேண்டும். பின்னதை எழுதியபின் முன்னதை அழித்துவிடவில்லை. இரண்டையும் வேதமென்றே வைத்துக் காத்தனர். யோபுவின் கதையில் இன்னும் துணிவு மிகுதி. தாவீது கதையில் ஏவுதலைக் குறிக்கும் அதே எபிரேயச் சொல்லைக் கொண்டு, குற்றமற்ற யோபுவுக்கு எதிராகத் தம்மையே சாத்தான் ஏவிவிட்டதாக இறைவன் கூறுகின்றார். துன்பத்தின் காரணம் யோபுவுக்குக் கடைசி வரை சொல்லப்படுவதே இல்லை.

எகிப்து மன்னன் பார்வோனின் கதை பலரும் அறிந்தது. அடிமைகளை விடுவிக்க மறுத்த அவன் நெஞ்சைக் கடினமாக்கியவர் யார் என்ற வினா யூத அறிஞரை நெடுங்காலம் வருத்தியது. கடினமாக்குவேன் என்று இறைவன் முன்னரே மோசேயிடம் கூறுகின்றார். ஆனால் வாதைகள் ஒவ்வொன்றாக வரும்போது, முதல் ஐந்து வரையில் பார்வோன் தானே நெஞ்சை இறுக்கினான் என்றோ, நெஞ்சு இறுகிற்று என்றோதான் சொல்லப்படுகின்றது. ஆறாவதாகிய கொப்புள நோயின்போதுதான் இறைவன் அதனை இறுக்கியதாக வருகின்றது. கொர்தோபாவிற் பிறந்து எகிப்தில் 1204இல் மறைந்த மைமோனிடிஸ் என்னும் பேரறிஞர் இதற்கு ஒரு விளக்கம் தந்தார். தன் விருப்பத்தால் மீண்டும் மீண்டும் தீமை செய்பவனுக்கு ஒரு கட்டத்தில் திரும்பும் ஆற்றலே பறிக்கப்படும். அந்த இழப்பே அவனுக்குரிய தண்டனை என்பது அவர் கருத்து. நம் ஆகமங்கள் நிகாசிதம் என்று கூறும் வினைநிலை இதனோடு ஒப்பிடத்தக்கது. இறுகக் கட்டுண்டு, பயன் தந்தன்றி நீங்காத வினை அது. வேறுபாடு ஒன்றே. அங்கே இறுக்குபவர் ஒருவர் இருக்கின்றார். இங்கே கட்டும் கையும் கட்டுண்பவனுடையதே.

தமிழில் சோதனை என்ற ஒரே சொல் பரீட்சைக்கும் நிற்கின்றது, தீமைக்கு இழுக்கும் மயக்கத்துக்கும் நிற்கின்றது. பள்ளி ஆய்வாளர் வருகையையும் அந்நாளில் நாம் சோதனை என்றே சொல்லி வந்தோம். இனி, நாம் நடத்திய சோதனைக்கு வருவோம்.

1970ஆம் ஆண்டையொட்டி ஆசிரியர் பயிற்சி பெற்றபோது, உளவியல் பாடத்தில் ஹார்ட்ஷோர்ன், மே என்னும் அமெரிக்க அறிஞர் இருவரின் ஆய்வைப் படித்தோம். 1928இல் வெளிவந்தது அது. ஏறத்தாழ 11,000 சிறுவர் சிறுமியர்க்கு ஏமாற்றவும் பொய் சொல்லவும் காசை எடுத்துக்கொள்ளவும் வாய்ப்பை அமைத்துக் கொடுத்து, தம்மை யாரும் கவனிக்கவில்லை என்று எண்ணும் நிலையில் அவர்கள் என்ன செய்கின்றனர் என்று கண்டனர். ஓரிடத்தில் நேர்மையாயிருந்த பிள்ளையே வேறோரிடத்தில் ஏமாற்றியது. நேர்மை பிள்ளையின் உள்ளத்தில் மட்டும் இல்லை, அப்பிள்ளையை நாம் நிறுத்தும் சூழலிலும் இருக்கின்றது என்பது அவர்கள் கண்ட முடிவு. முடிவை நாம் மறந்துவிட்டோம். முறையை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டோம்.

1979ஆம் ஆண்டு, கார்த்திகை மாதம். ஐந்தாம் வகுப்பில் நீதிபோதனைப் பாடம். மேசை மேல் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்துவிட்டு, தலைமையாசிரியர் அறைக்குப் போவதாகச் சொல்லி வெளியே வந்து சாளரத்தின் ஓரம் மறைந்து நின்றோம். இடைவேளை மணி அடித்தது. பிள்ளைகள் ஓடினர். ஒருவன் மட்டும் பின்தங்கினான். மேசையைப் பார்த்தான், வாயிலைப் பார்த்தான், எடுத்தான். அன்று நம் உள்ளத்தில் எழுந்தது வருத்தமன்று. சோதனை பலித்தது என்ற நிறைவு. இதனை எழுதக் கை கூசுகின்றது, எனினும் உண்மை அதுவே.

மறுநாட் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் அவனை முன்னே நிறுத்தினோம். எல்லாப் பிள்ளைகளும் கேட்கத் திருட்டு என்ற சொல்லைப் பலமுறை கூறினோம். காசை என்ன செய்தாய் என்று கடைசியாகத்தான் கேட்டோம். நொய் வாங்கி வீட்டிற் கொடுத்தேன் என்றான்.

உப்பளத்தை அறிந்தவர்க்கு இதற்குமேல் விளக்கம் வேண்டா. வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் பாத்திகள் நீரில் மூழ்கும். பொங்கலுக்குப் பின் சேற்றை வாரி, வரப்பைக் கட்டி, தரையை மிதித்து இறுக்கி மீண்டும் நீர் பாய்ச்சும் வரை நாட்கூலிக்காரர்க்கு வேலை இல்லை. கார்த்திகையில் அவ்வூர் வீடுகள் பலவற்றில் ஒருவேளைதான் உலை ஏறும். நமக்கு இது தெரியாததன்று. அவ்வீடுகளைக் கடந்துதான் நாடோறும் பள்ளிக்குச் சென்றோம். அந்தச் சிறுவன் மேலும் மூன்று நாள் வந்தான். பிறகு வரவில்லை. உப்பு சுமக்கப் போய்விட்டான் என்று பிள்ளைகள் கூறினர். வீட்டுக்குச் சென்று அழைத்து வந்தோமா? இல்லை. பெயர் நீக்கப் பதிவேட்டில் நம் கையாலேயே எழுதினோம்.

இந்நாளில் தாவீது கதையைப் படிக்கும்போது நம் மனம் அரியணையருகே நிற்பதில்லை. அந்தச் சாளரத்தின் ஓரமே நிற்கின்றது. வைத்தவரும் நாமே, கண்டவரும் நாமே, தண்டித்தவரும் நாமே. அவன் நெஞ்சில் உள்ளதை அறிய வைத்தோம் என்று நெடுங்காலம் நமக்கு நாமே சொல்லிக்கொண்டோம். பாலைநிலத்தில் நாற்பதாண்டு நடத்தி, பசியால் வருத்தியது அவர்கள் உள்ளத்தை அறியவே என்று மோசே தம் மக்களுக்குக் கூறியதாகவும் எபிரேய வேதத்தில் ஓரிடம் உண்டு. ஆயினும் அங்கே பசிக்குப் பின் மன்னா என்ற உணவும் வந்தது. நம் சோதனையில் உணவுக்கு இடமில்லை.

நம்மவர் இவ்விடத்தில் எளிதாக ஒன்று கூறிவிடுவர். நம் சமயத்தில் உலகைப் படைத்தவனும் இல்லை, சோதிப்பவனும் இல்லை. ஆகவே இவ்வினாவே நமக்கு எழாது என்பர். உண்மைதான். பார்வோனுக்காகவும் தாவீதுக்காகவும் நாம் வழக்காட வேண்டியதில்லை. ஆனால் எழுவாயை மறைக்கும் வழி நம்மிடமும் ஒன்றுண்டு. 'அவன் வினை' என்கின்றோம். அவர்கள் இறைவன் மீதோ சாத்தான் மீதோ சுமத்துவதை, நாம் முற்பிறப்பின் மீது சுமத்திவிட்டு வீட்டுக்குப் போய்விடுகின்றோம். பசித்த சிறுவன் பசித்திருப்பது அவன் வினை; எடுத்தது அவன் வினை; படிப்பை விட்டதும் அவன் வினை. நாணயம் மட்டும் எவர் வினையுமின்றி மேசைக்கு வந்ததோ?

நம் ஆகமம் அவ்வாறு கூறவில்லை. தத்துவார்த்த சூத்திரத்தின் ஆறாம் அத்தியாயம் வினையின் ஊற்றைப் பற்றியது. அங்கே ஒரு கணக்கு உண்டு. எண்ணுதல், அதற்கானவற்றைத் திரட்டுதல், தொடங்கிச் செய்தல் என மூன்று; அவை மனம், மொழி, மெய் என்னும் மூன்றாலும் நிகழ்வன; தானே செய்தல், பிறரைச் செய்வித்தல், செய்வார்க்கு உடன்படுதல் என்று மீண்டும் மூன்று; சினம், செருக்கு, வஞ்சம், பற்று என்னும் கடும்பற்றுக்கள் நான்கு. இவற்றைப் பெருக்கினால் 108. நம் செபமாலையின் மணிகளுக்கு இதனையே காரணமாகப் பெரியோர் சொல்வர். சிறுவயதிலிருந்து அம்மணிகளை உருட்டி வந்தோம். செய்வித்தல் என்ற கணக்கில் நம் பெயர் ஏறியிருக்கும் என்று ஒருநாளும் எண்ணியதில்லை.

அவ்வத்தியாயத்திலேயே மற்றொன்றும் சொல்லப்படுகின்றது. ஒரே செயலைச் செய்த இருவர்க்கு ஊறும் வினை ஒன்றாகாது. உணர்ச்சி கடுமையா மென்மையா, அறிந்து செய்ததா அறியாமற் செய்ததா, எதைப் பற்றி நின்று செய்தது, எத்துணை ஆற்றலோடு செய்தது என்பவற்றால் அது வேறுபடும். பத்து வயதுச் சிறுவன் பசியால் எடுத்ததையும், வயிறு நிறைந்த ஆசிரியை முன்னரே எண்ணி, நாணயத்தைத் தேர்ந்து, நேரம் பார்த்து வைத்ததையும் இந்த அளவுகோலில் இட்டுப் பார்க்கலாம். எண்ணுதலும் திரட்டுதலும் நம் பக்கம் இருந்தன. வஞ்சமும் நம் பக்கமே. அறிந்து செய்ததும் நாமே.

இதனால் எடுத்தவன் பொறுப்பு நீங்கிவிடுமோ எனின், நீங்காது. இங்கேதான் எபிரேய நூலை நாம் மதிக்கின்றோம். ஏவியவர் யாராயினும் தாவீது அதனைக் காரணங்காட்டித் தப்பவில்லை. ஏதேன் தோட்டத்தில் ஆதாம் செய்தது வேறு. நீர் தந்த பெண் கொடுத்தாள் என்று ஒரே மூச்சில் மனைவி மீதும் இறைவன் மீதும் பழி போட்டான். தாவீதோ, செய்தவன் நான் என்று நின்றான். பாபிலோனிற் சிறைப்பட்டிருந்த காலத்தில், தந்தையர் செய்த பாவத்துக்கு மக்களாகிய நாம் துன்புறுகின்றோம் என்று முணுமுணுத்தவர்களை எசேக்கியேல் என்னும் தீர்க்கதரிசி கண்டித்தார். அவரவர் செயலுக்கு அவரவரே பொறுப்பு. தீயவனும் திரும்பினால் வாழ்வான் என்று உரைத்தார். அந்தப் பகுதியைப் பெயர் சொல்லாமல் நம் கோயில் மண்டபத்திற் படித்தால், நம் முனிவர் ஒருவரின் அறவுரை என்றே பலர் கொள்வர்.

இவ்வினா ஏட்டோடு நிற்பதன்று. மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்தில் 2023ஆம் ஆண்டு மே மாதம், மெத்தனால் கலந்த கள்ளச் சாராயத்தைக் குடித்து மரக்காணம் பகுதியில் மட்டும் 14 பேர் மாண்டனர். பெரும்பாலார் மீனவர். இறந்தோர் குடும்பங்களுக்கு அரசு பத்து இலட்சம் ரூபாய் அறிவித்தது. அப்போது பேருந்திலும் கடைவீதியிலும் எல்லோரும் ஒன்றையே கேட்டனர். குடித்துச் செத்தவனுக்கு எதற்குப் பணம்? அதனை எதிர்த்து வழக்கும் தொடுக்கப்பட்டது. நம் வீடுகளிலும் அவ்வினா கேட்கப்பட்டது; கள்ளும் ஊனும் தேனும் விலக்கிய மரபினர் ஆதலால் சற்று உரத்தே கேட்கப்பட்டது. மறு ஆண்டு ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டபோதும் அதே கேள்வி.

குடித்தவன் பொறுப்பை மறுக்க இயலாது. அவன் கை கொண்டுதான் குவளையை எடுத்தான். ஆனால் தொழிற்சாலைச் சாராயத்தைக் கடத்தியவன், கலந்தவன், விற்றவன், கண்டும் காணாதிருந்தவன் ஆகியோர் செய்வித்தலிலும் உடன்படுதலிலும் எங்கெங்கு நிற்கின்றனர் என்று 108இல் ஒவ்வொரு மணியாக எண்ணலாம். 2003 முதல் அரசே சில்லறை மதுக்கடை நடத்தும் மாநிலம் இது. ஒரு கையாற் கடையைத் திறந்து மறு கையால் மதுவிலக்குப் பரப்புரை செய்யும் ஆட்சியை, கட்சி வேறுபாடின்றி, இத்தனை ஆண்டுகளாகக் கண்டு வருகின்றோம். தாமே ஏவித் தாமே தண்டிக்கும் இறைவனைக் கண்டு நாளாகமத்தின் ஆசிரியர்க்கு வந்த கூச்சம், மனிதரால் ஆன ஓர் அரசைக் கண்டு நமக்கு வரவில்லை. செத்த மீனவனின் மனைவிக்கும் மக்களுக்கும் கிடைக்கும் பணத்தைப் பற்றித்தான் வந்தது. எழுபதாயிரம் ஆடுகள் என்ன செய்தன என்று கேட்ட தாவீது நம்மினும் மேலானவன் என்று தோன்றுகின்றது. அவன் அதனையும் காலங்கடந்தே கேட்டான் என்பது வேறு.

2024ஆம் ஆண்டு தசலட்சண நாட்கள் நிறைந்து, எல்லா உயிர்களிடமும் பொறுத்தல் வேண்டும் நாளில், உறவினரிடமும் கோயிலாரிடமும் வழக்கம்போற் கைகூப்பினோம். ஆண்டுதோறும் அவ்வாறு கூப்பும் கை, நாம் யாரிடம் கூப்ப வேண்டுமோ அவரிடம் ஒருமுறையும் சென்றதில்லை. மறுநாள் பேருந்தேறி மரக்காணம் சென்றோம். விசாரித்து அறிவது அரிதாக இல்லை. மழைக்கு முன் உப்பை ஏற்றிவிட வேண்டும் என்ற பரபரப்பில் அளங்கள் இருந்தன. விற்காத குவியல்களைக் கீற்றால் மூடிக்கொண்டிருந்தனர். ஐம்பத்தைந்து வயதுக்கு அவர் முதுமையாகவே தெரிந்தார். உப்பளத்து வெயிலும் கூச்சமும் கண்களை அவ்வாறு செய்துவிடும்.

நம்மை அவருக்கு உடனே தெரிந்துவிட்டது. எழுந்து நின்று, தலையிற் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தார். பேத்தி ஒன்பதாம் வகுப்புப் படிப்பதைச் சொன்னார். நாணயத்தைப் பற்றி நாமே எடுத்துக் கூறினோம். அதை வேண்டுமென்றே அங்கு வைத்ததையும், சாளரத்தின் ஓரம் நின்றதையும் கூறினோம். அந்தச் செய்தி அவருக்குப் புதிது. நாற்பத்தைந்து ஆண்டுகளாக அது நாம் மறந்து வைத்துவிட்டுப் போன காசு என்றே எண்ணியிருந்திருக்கின்றார்.

சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "இருந்தாலும் எடுத்தது நான்தானே, டீச்சர்" என்றார்.

வைத்தது நாம் என்றோம். அவர் மறுக்கவில்லை. லாரி வந்து நின்று ஒலிப்பான் அடித்தது. துண்டைத் தலையிற் கட்டிக்கொண்டு குவியலை நோக்கி நடந்தார்.